வீடியோவில் வெட்ட வேண்டியதை வெட்டுவோம்!



இப்போது குழுவுக்கு ஒரு செல்போனாவது வீடியோ எடுக்கிற போனாக இருக்கிறது. மாதக் கூட்டம், சத்துமாவு அரைப்பது, கண்காட்சிக் கடை என எல்லாவற்றையும் எடுக்கிறோம். எடுத்த கையோடு வாட்ஸ்அப்பில் அனுப்பியும் விடுகிறோம். எடுப்பதற்கும் அனுப்புவதற்கும் நடுவில் ஒரு வேலை இருக்கிறது. அதுதான் எடிட்டிங். அதாவது வேண்டாததை வெட்டி, வேண்டியதை வரிசையாகக் கோப்பது. அதைப் பற்றித்தான் இந்த மாதம் பேசப் போகிறோம்.

நடந்தது என்ன?

நமது குழு ஒன்றில், தயாரிக்கும் பொருளைப் பற்றி 22 நிமிடம் வீடியோ எடுத்தார்கள். எடுத்தபடியே உறவினர்களுக்கும் பக்கத்து ஊர்க் குழுக்களுக்கும் அனுப்பினார்கள். பாதியில், பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு உறுப்பினர் தன் கடன் தவணை நின்றுபோன காரணத்தைப் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்கிறார். அது வீட்டு விஷயம். போன் அதையும் பதிவு செய்துவிட்டது. இரண்டே நாளில் அவர் புகுந்த வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. அதன்பின் மூன்று கூட்டத்துக்கு அவர் வரவில்லை.

நாங்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது, "நான் குழுவை நம்பித்தானே மேடம் பேசினேன், ஊரே கேக்கும்னு தெரியுமா?" என்றார். எங்களிடம் பதில் இல்லை. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனால் அந்த 40 வினாடியை வெட்டத் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்திருந்தால் அவர் தலைகுனிந்திருக்க வேண்டியதில்லை.

நம்மால் முடியுமா?

"இதெல்லாம் படிச்ச பிள்ளைங்க வேலைங்க" என்று பலர் சொல்கிறீர்கள். 1984-ல், செல்போன் இல்லாத காலத்தில், அகமதாபாத்தில் சேவா அமைப்பின் பெண்கள் சுமார் 20 பேர் வீடியோ பயிற்சி எடுத்தார்கள். அவர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இருந்தார்கள். அந்தப் பயிற்சியில் இருந்து உருவானதுதான் வீடியோ சேவா. தங்கள் வேலையையும் பிரச்சனையையும் தாங்களே படமெடுத்துக் காட்டினார்கள். அவர்களால் முடிந்தது நம்மாலும் முடியும்.

எந்த மென்பொருள்?

முன்பு பலரும் பழகியது விண்டோஸ் மூவி மேக்கர். 2000-ல் வந்தது. 2017 ஜனவரியில் மைக்ரோசாப்ட் நிறுவனம் அதை நிறுத்திவிட்டது. அதே ஆண்டில் அந்தப் பெயரில் போலி இணையதளம் ஒன்று பணம் கேட்டு ஏமாற்றியது. எனவே அந்தப் பெயரைத் தேடி இறக்க வேண்டாம்.

நாங்கள் சொல்வது ஓபன்ஷாட். 2008-ல் தொடங்கிய இது இலவசம், படத்தின் மேல் விளம்பர முத்திரையும் விழாது. ஓபன்ஷாட்.ஆர்க் என்ற அதன் சொந்தத் தளத்தில் மட்டும் இறக்குங்கள். கூட்டமைப்பு அலுவலகக் கணினியிலோ, பிள்ளைக்குப் பள்ளியில் கிடைத்த மடிக்கணினியிலோ போடலாம். 4 ஜிபி ராம் இருந்தால் ஓடும், கொஞ்சம் மெதுவாக இருக்கும். அதற்குக் குறைவாக இருந்தால் சிரமம்.

செய்யும் முறை

பூ கட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். பூவைக் கூடையில் கொட்டுகிறோம். வாடியதை ஒதுக்குகிறோம். நல்லதை வரிசையாகத் தொடுக்கிறோம். இதுவும் அப்படித்தான்.

1. போனில் உள்ள வீடியோக்களைக் கேபிள் மூலம் கணினியில் ஒரே ஃபோல்டரில் போடுங்கள். வேலை முடியும்வரை அந்த ஃபோல்டரை இடம் மாற்றாதீர்கள். மாற்றினால் ஓபன்ஷாட்டுக்குப் படம் எங்கே என்று தெரியாது.

2. ஓபன்ஷாட்டைத் திறந்து, 'ஃபைல்' மெனுவில் 'இம்போர்ட் ஃபைல்ஸ்' கொடுத்து வீடியோக்களை உள்ளே கொண்டு வாருங்கள். இது நம் பூக்கூடை.

3. வேண்டிய வீடியோவை மவுஸால் இழுத்து, கீழே உள்ள நீளமான பட்டையில் விடுங்கள். அதற்கு டைம்லைன் என்று பெயர். இது நம் நார்.

4. ஓடவிட்டுப் பாருங்கள். வேண்டாத பகுதி தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். அங்கே நிற்கும் கோடு வீடியோவின் மேல் இருக்கும்போது வலது பொத்தானை அழுத்தினால் 'ஸ்லைஸ்' என்று வரும். அதில் இரண்டு பக்கத்தையும் வைத்துக்கொள்ளும் வசதியை, அதாவது 'கீப் போத் சைட்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். வேண்டாத பகுதி முடியும் இடத்திலும் அப்படியே செய்யுங்கள். நடுத்துண்டைத் தொட்டு 'டெலீட்' விசையை அழுத்துங்கள்.

5. வெட்டிய இடத்தில் இடைவெளி இருக்கும். அடுத்த துண்டை இழுத்து ஒட்டி வையுங்கள். இல்லாவிட்டால் அந்த இடம் கறுப்பாக ஓடும்.

6. 'டைட்டில்' மெனுவில் பொருளின் பெயர், விலை, குழுவின் பெயர் போடலாம். தமிழ் எழுத்து சரியாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

7. 'சேவ் ப்ராஜெக்ட்' கொடுப்பது நம் வேலையைக் குறித்து வைக்க மட்டும்தான். அந்தக் கோப்பு போனில் படமாக ஓடாது. எல்லோரும் பார்க்கும் படம் வேண்டுமானால் 'எக்ஸ்போர்ட் வீடியோ' கொடுக்க வேண்டும். எம்பி4 வகையில் எடுத்தால் எல்லாப் போனிலும் ஓடும். நேரம் ஆகும், பொறுமையாக இருங்கள்.

தப்பு செய்துவிட்டோமே என்று பயப்பட வேண்டாம். டைம்லைனில் எவ்வளவு வெட்டினாலும் நீங்கள் எடுத்த மூலப் படம் அப்படியே இருக்கும். மறுபடி தொடங்கலாம்.

மறக்கக் கூடாத ஒன்று

அதே காரணத்தால் ஒரு எச்சரிக்கையும் உண்டு. வெட்டிய பேச்சு மூலப் படத்தில் இன்னும் இருக்கிறது. கணினியிலும் இருக்கும், எடுத்த போனிலும் இருக்கும். அவசரத்தில் அதையே அனுப்பிவிட்டால் செய்த வேலை வீண். ஆகவே வெட்டி முடித்த படத்துக்குத் தனிப் பெயர் வையுங்கள். யாரையாவது பாதிக்கக்கூடிய மூலப் படத்தை இரண்டு இடத்திலும் அழித்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிறகு 'எல்லோருக்கும் நீக்கு' கொடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். அதற்குள் யாராவது அடுத்தவருக்கு அனுப்பியிருந்தால் அந்தப் படம் அழியாது.

முடிந்தால், அனுப்பும் முன் படத்தில் வரும் எல்லோருக்கும் ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். "இதை அனுப்பலாமா?" என்று கேளுங்கள். ஒருவர் வேண்டாம் என்றாலும் அவர் வரும் இடத்தை வெட்டுங்கள். காரணம் கேட்க வேண்டாம். குழுவில் கணக்குக்கு எவ்வளவு மதிப்போ, நம்பிக்கைக்கும் அவ்வளவு மதிப்பு.

மேலே சொன்ன சகோதரி இப்போது மறுபடி கூட்டத்துக்கு வருகிறார். எடிட்டிங் கற்றுக்கொள்ள முதலில் பெயர் கொடுத்தவரும் அவர்தான். "இனிமே எங்க குழுப் படம் என் கையைத் தாண்டித்தான் போகும்" என்கிறார்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்

• இதுவரை நாம் அனுப்பிய வீடியோவில் யாருக்காவது மனவருத்தம் உண்டா?
• எடிட்டிங் பழக நம் குழுவில் இருந்து யார் இருவர்?
• எல்லோரும் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே வீடியோ அனுப்புவது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதலாமா?