கோடு போட்டால் கடல் பிழைக்குமா?

2030க்குள் நிலத்திலும் கடலிலும் 30 விழுக்காட்டைப் பாதுகாப்பது என 2022 டிசம்பரில் மான்ட்ரியலில் உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. பரப்பைக் கூட்டுவது எளிது. ஓர் அரசாணை போதும். ஆணைக்குப் பிறகு கடலடியில் என்ன மாறுகிறது என்பதுதான் கேள்வி. விடை தேடி வெளிநாடு போக வேண்டாம், மன்னார் வளைகுடாவே போதும். வேப்பூரிலும் விருத்தாசலத்திலும் இருந்து படிப்பவர்களுக்கு இது கடற்கரைக்காரர் சங்கதியாகத் தோன்றலாம். ஆனால் விருத்தாசலத்தைத் தொட்டு ஓடும் மணிமுத்தாறும் வெள்ளாற்றோடு சேர்ந்து பரங்கிப்பேட்டையில் கடலுக்குத்தான் போகிறது.

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளைச் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர் கடல், 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மூன்றாண்டில் அதைச் சுற்றி 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமும் வந்தது. வரைபடத்தில் குறையே இல்லை. கடலிலோ, மீனவர்கள் 'பார்' என்று சொல்லும் பவளப்பாறைகளை வெட்டிப் படகில் ஏற்றுவது அறிவிப்புக்குப் பிறகும் பல ஆண்டுகள் நடந்தது. வெட்டிய கைகள் கடலோரத்தவை. கேட்டு வாங்கியவை கரையிலிருந்த சுண்ணாம்புச் சூளைகளும் ஆலைகளும். அலையைத் தடுத்த பார் போனதால் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி ஆகிய இரண்டு தீவுகள் நீருக்குள் அமிழ்ந்தன. 2001இல் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. 2004 ஆழிப்பேரலையில் பாரும் தீவும் கரைக்கு அரணாக நின்றதைக் கடலோர மக்கள் கண்ணால் பார்த்தார்கள். அதன் பிறகே வெட்டு ஓய்ந்தது. சட்டம் முன்பே இருந்தது. அது தங்களுக்கான சட்டம் என்ற எண்ணம்தான் பின்னால் வந்தது.

உலகெங்கும் 87 கடல் காப்பகங்களை ஒப்பிட்ட ஆய்வொன்று 2014இல் 'நேச்சர்' இதழில் வெளியானது. மீன்பிடிக்கு முழுத் தடை, கண்டிப்பான காவல், பத்தாண்டைத் தாண்டிய வயது, நூறு சதுர கிலோமீட்டரைத் தாண்டிய பரப்பு, ஆழ்நீராலோ மணலாலோ தனித்திருத்தல் என்ற ஐந்தில் நான்காவது கூடிய இடங்களில்தான் மீன்வளம் கண்கூடாகப் பெருகியிருந்தது. ஒன்றிரண்டு மட்டும் உள்ள காப்பகங்களுக்கும் சாதாரண மீன்பிடிக் கடலுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. இந்த அளவுகோலை மன்னார் வளைகுடாவுக்கு வைத்துப் பாருங்கள். வயது, பரப்பு இரண்டும் தேறும். தடை ஏட்டில் இருக்கிறது. தனித்திருத்தல் என்றைக்கும் வாய்க்காது. வள்ளத்தில் போய் வரும் தூரத்தில் ஊர் ஊராக மீனவர்கள் வாழும் கடல் இது. எனவே மிச்சமிருப்பது காவல் ஒன்றுதான். இத்தனை ஊர்கள் தொட்டுப் புழங்கும் கடலை வனத்துறையின் சில படகுகள் மட்டும் காத்துவிட முடியாது. ஊரார் காவலில் பங்கெடுத்தாலொழிய அது நடக்காது.

பிழைப்புக்காகக் கடலுக்குப் போகிறவர்களிடம் காவலைக் கொடுத்தால் இருப்பதையும் சுரண்டிவிட மாட்டார்களா என்று கேட்கலாம். பாசி எடுக்கும் ராமநாதபுரம் கரையோரப் பெண்களைப் பாருங்கள். விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, இடுப்பில் வலைப்பையைக் கட்டிக்கொண்டு மூழ்கி, மரிக்கொழுந்துப் பாசியையும் கட்டக்கோரையையும் கையால் பறிப்பவர்கள். பூங்கா எல்லை இறுகியபோது முதலில் அடிபட்டது இவர்கள் பிழைப்புதான். அப்படியிருந்தும் மாதத்தில் 12 நாள் மட்டுமே இறங்குவது, பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவியைத் தொடுவதில்லை என்று தங்களுக்குள் முறை வகுத்துக்கொண்டார்கள். இந்த முயற்சியை முன்னின்று நடத்திய சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015இல் சீகாலஜி என்ற சூழலமைப்பின் விருது கிடைத்தது. முழுத் தடைதானே பலன் தருகிறது, மெக்சிகோவின் காபோ புல்மோவைப் பாருங்கள் என்பது இன்னொரு வாதம். உண்மைதான், அங்கே 1999 முதல் பத்தாண்டில் மீன்வளம் நான்கு மடங்குக்கு மேல் கூடியது. ஆனால் 1995இல் அந்தப் பூங்காவைக் கேட்டு வாங்கியவர்களே அந்த ஊர் மீனவக் குடும்பங்கள்தான். சுற்றுலா அவர்களுக்கு மாற்றுப் பிழைப்பானது.

கடல் சூடாகும்போது காவல் என்ன செய்யும் என்ற ஐயத்தை அவ்வளவு லேசாகத் தள்ளிவிட முடியாது. 2016 வெப்பத்தில் மன்னார் வளைகுடாவின் உயிருள்ள பவளப் பரப்பு ஏறத்தாழ 39 விழுக்காட்டிலிருந்து 23க்கு இறங்கியது. வெப்பத்தைத் தடுக்க எந்த வேலிக்கும் வலுவில்லை. ஆனால் 2010இல் வெளுத்த பவளம் அடுத்த சில ஆண்டுகளில் தேறி வந்ததையும் பார்த்தோம். வெட்டும் இழுவை மடியும் கழிவும் சேர்ந்து தாக்கினால் அந்த மீட்சிக்கும் வழியிருக்காது.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்ற விதியை முதலில் அமல்படுத்த வேண்டும். பாசிப் பெண்களின் முறையை அரசு எழுத்தில் ஏற்க வேண்டும். எல்லை வகுக்கும் கூட்டத்தில் அவர்களுக்கும் வள்ளக்காரர்களுக்கும் வாக்கு வேண்டும். இவை இல்லாமல் 30 விழுக்காடு என்ன, கடல் முழுவதையும் காப்பகமாக அறிவித்தாலும் ஒரு மீன்கூடக் கூடாது.

(தொடரும்)