உப்பின் மேல் மிதக்கும் நன்னீர்

யாழ்ப்பாணத் தீவகத்தின் நெடுந்தீவிலோ நயினாதீவிலோ காணி வாங்க நினைப்பவர் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "கிணற்றுத் தண்ணி எப்படி?" நாலு பக்கமும் கடல். ஆறு இல்லை, மலை இல்லை. தரை கடல் மட்டத்துக்குச் சற்று மேலே தட்டையாகக் கிடக்கிறது. ஓர் இடத்தில் வெட்டினால் வாயில் வைக்க முடியாத உவர். சற்றுத் தள்ளி வெட்டினால் நல்ல தண்ணி. நெடுந்தீவின் சாராப்பிட்டிக் கிணறுகளில் அள்ளிய நீரைக் குடித்துத் தலைமுறைகள் வளர்ந்திருக்கின்றன. கடல் சூழ்ந்த கல் தரைக்குள் இனிப்பான நீர் எங்கிருந்து வந்தது, கடல் அதை ஏன் விழுங்காமல் விட்டிருக்கிறது என்று நின்று யோசித்தால், படைப்பின் நுட்பத்துக்கு முன் கை தானாகக் கூம்பும்.

தீவகத்துக்கு வேறு நீர் ஊற்று கிடையாது. ஐப்பசியில் தொடங்கும் வடகீழ்ப் பருவமழைதான் எல்லாம். அந்த மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகள் வழியாக இறங்குகிறது. இறங்கிய நீர் கீழே இருக்கும் கடல் நீரைச் சந்திக்கிறது. கடல் நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு பாரம் கூடியது. அந்தச் சிறு வித்தியாசமே தீவைக் காப்பாற்றுகிறது. பாரம் குறைந்த மழைநீர், பாலின் மேல் ஆடை படிவதுபோல, உப்பு நீரின் மேல் மிதக்கிறது. தீவின் நடுவில் தடித்தும் கரையோரம் மெலிந்தும் அது நிற்கிறது. இரண்டும் கலக்கும் இடத்தில் ஒரு மெல்லிய கலவைப் படை உண்டு. அதற்கு மேலே குடிநீர், அதற்குக் கீழே கடல்.

இதற்கு ஒரு கணக்கும் இருக்கிறது. நிலத்தடி நீர் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் நிற்கும். கண்ணுக்குத் தெரியும் ஒரு பங்கு, காணாத நாற்பது பங்கைத் தாங்குகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெதர்லாந்தின் பாடன் கெய்பனும், 1901இல் ஜேர்மனியின் ஹெர்ஸ்பேர்க்கும் தனித்தனியே எழுதி வைத்த விதி இது. தீவகத்தாருக்கு நெதர்லாந்து புதிய பெயரல்ல. ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில் நெடுந்தீவுக்கு டெல்ஃப்ற் என்றும், வேலணைத் தீவுக்கு லைடன் என்றும், நயினாதீவுக்கு ஹார்லெம் என்றும் தங்கள் நகரங்களின் பெயரைச் சூட்டினார்கள். கடலோடு போராடி நிலம் காத்த அந்த நாட்டில் பிறந்த ஒருவரே பிற்காலத்தில் இந்தக் கணக்கை விளக்கியிருக்கிறார் என்பது வரலாறு தானாகக் கோத்த ஒரு முடிச்சு.

நீரைத் தாங்கும் பாத்திரத்தைச் செய்தது யார் என்று கேட்டால் வியப்பு இன்னும் கூடும். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் தீவுகளுக்கும் அடியில் கிடக்கும் சுண்ணாம்புக் கல், மயோசீன் என்று நிலவியலாளர் அழைக்கும் காலத்தில் படிந்தது. 2 கோடியே 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, ஏறத்தாழ 53 லட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலம் அது. ஆழம் குறைந்த வெதுவெதுப்பான கடலில் வாழ்ந்து மடிந்த கணக்கற்ற உயிர்களின் ஓடுகளும் கூடுகளும் அடுக்கடுக்காகச் சேர்ந்து இறுகிக் கல்லாயின. கடல் தன் உயிர்களைக் கொண்டே ஒரு கலத்தைக் கட்டி, தன்னிலிருந்து வேறான இனிய நீரை அதில் வைத்துக் காக்கிறது.

அந்த வேலை இன்றும் நிற்கவில்லை. நெடுந்தீவில் காணிக்குக் காணி எல்லையாக நிற்கும் முருகைக்கல் வேலிகளை அருகே போய்ப் பாருங்கள். சாந்து பூசாமல், கல்லின் மேல் கல்லை அணைத்து அடுக்கிய மதில்கள். ஒவ்வொரு கல்லிலும் நுண்ணிய குழிகள் ஒழுங்காக இருக்கும். அவை ஒரு காலத்தில் முருகை உயிர்கள் குடியிருந்த அறைகள். கடுகளவே ஆன அந்த உயிர் தன் உடம்புக்குள் ஒருவகை நுண்பாசிக்கு இடம் கொடுக்கிறது. பாசி வெயிலைக் கொண்டு உணவு செய்து வீட்டுக்காரருக்கும் பங்கு கொடுக்கிறது. அந்தப் பலத்தில்தான் முருகை கடல் நீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்துக் கூடு கட்டுகிறது. பாறைபோலத் திரளும் முருகை இனங்கள் பல ஆண்டுக்கு 1 சென்ரிமீற்றர் அளவே வளர்கின்றன. வேலியில் இருக்கும் ஒரு முழக் கல்லுக்குப் பின்னால் ஏறக்குறைய அரை நூற்றாண்டு உழைப்பு இருக்கிறது.

நீர் குறைந்த மண்ணுக்கு ஏற்ற மரமும் வந்து சேர்ந்திருக்கிறது. நெடுந்தீவின் பெருக்கமரம் ஆபிரிக்க இனம். அரபு வணிகர் கொண்டு வந்தனர் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. அதன் அடிமரப் பொந்துக்குள் ஆட்கள் நுழைந்து நிற்கலாம். உலகில் பெருக்கமரம் எட்டு இனம். ஆறு மடகாஸ்கரிலும் ஒன்று ஆபிரிக்காவிலும் ஒன்று அவுஸ்திரேலியாவின் வடக்கிலும் வளர்கின்றன. அவற்றின் பூர்வீகம் மடகாஸ்கரே என்றும், அங்கிருந்து கடலில் மிதந்துதான் மற்ற இரண்டு கண்டங்களையும் அடைந்திருக்கும் என்றும் 2024இல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று காட்டியது. மரத்தின் உள்ளே மென்மையான சதைப்பற்றான திசு நிறைய நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்தச் சேமிப்பை மரம் கண்டபடி செலவழிப்பதில்லை. மடகாஸ்கர் பெருக்கமரங்களை ஆராய்ந்தவர்கள், அன்றாடத் தேவைக்கு அது கைவைப்பதில்லை என்றும், மழைக்கு முன்னரே புதுத்தளிர் விடத்தான் அந்த நீரை எடுக்கிறது என்றும் கண்டார்கள். வறட்சியில் இலையை உதிர்த்துச் செலவைக் குறைத்து, வரப்போகும் மழையை நம்பித் தளிர் விடும் அந்த ஒழுக்கத்தை மரத்துக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்!

பனையின் பாடமும் அதற்குக் குறைந்ததல்ல. பனங்கொட்டை முளைக்கும்போது தளிர் மேலே எட்டிப் பார்ப்பதில்லை. முதலில் ஒரு நீண்ட குழல் வெளிவந்து, முளையைத் தன் நுனியில் ஏந்திக்கொண்டு மண்ணுக்குள் இறங்குகிறது. வெயிலும் மாடும் நெருப்பும் எட்டாத ஆழத்தில் முளையைப் பத்திரமாக வைத்த பிறகே குருத்து மேல்நோக்கிப் புறப்படுகிறது. கொட்டைக்குள் வளரும் பூரான் அங்கிருந்த உணவை உறிஞ்சிக் கீழே அனுப்ப, அது கிழங்காகத் திரள்கிறது. எங்கள் முன்னோர் பாத்தி போட்டுப் பனங்கிழங்கு எடுத்து, ஒடியலும் புழுக்கொடியலுமாகப் பஞ்ச காலத்துக்குச் சேர்த்து வைத்தார்கள். வறண்ட மாதங்களுக்காக மரம் தன் பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்த சோற்றில் மனிதருக்கும் பங்கு கிடைத்தது.

பெருக்கமரத்தைப் போலக் குதிரையும் கடல் கடந்தே இந்தப் பக்கம் வந்தது; அந்தக் கதைக்குக் கல்வெட்டே சாட்சி. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. வெளிநாட்டார் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து தங்க வேண்டும் என்று அது சொல்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்குக் கப்பல் என்றால் பாதிக்குப் பாதி. கடலில் எல்லாம் இழந்து கரையேறியவனை மேலும் வருத்தாத, குதிரைக்காகச் சற்றுக் கூடுதலாகவே இரங்கிய சட்டம். கலாநிதி கா. இந்திரபாலா 1963இல் இதை ஆராய்ந்து வெளியிட்டார்.

நெடுந்தீவின் கட்டைக் குதிரைகள் அந்தக் கப்பல்களில் வந்தவையல்ல. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களில் வளர்க்கப்பட்டவற்றின் வழிவந்தவை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானிய அதிகாரி நோலனும் இங்கே குதிரை வளர்ப்பை மேற்பார்த்தார். பிறகு இலாயத்தை விட்டு எசமானர்கள் போய்விட்டார்கள்; குதிரைகள் போகவில்லை. கட்டுவாரும் தீனி வைப்பாரும் இல்லாமல் வெட்டவெளியில் இனம் பெருக்கின. பிறந்து ஓரிரு மணி நேரத்துக்குள் குட்டி நாலு காலில் எழுந்து தாயின் பின்னால் நடக்கிறது. குதிரை சாதாரணமாக நாளுக்கு 20 லீற்றருக்கு மேல் நீர் குடிக்கும் பிராணி. அப்படிப்பட்ட உயிரை இந்தத் தீவின் குளங்களும் கேணிகளும் தலைமுறை தலைமுறையாகத் தாங்கியிருக்கின்றன. குளம் வற்றிய ஆண்டுகளில் அவை தாகத்தால் செத்தும் இருக்கின்றன. 2015இல் அவை திரியும் நிலத்தை அரசு தேசிய பூங்காவாக அறிவித்தது. வேலி போட்டு மட்டும் அவற்றைக் காக்க முடியாது; தண்ணீரால்தான் காக்க முடியும்.

தண்ணீர் இல்லாத இடத்தில் மனித பலம் எவ்வளவு என்பதை ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடலுக்குள் நிற்கும் கோட்டை சொல்கிறது. போர்த்துக்கேயர் கட்டிய அந்தக் கடற்கோட்டையை 1658இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டார்கள். நன்னீர் தங்க இடம் கொடுக்காத சின்னஞ்சிறு திட்டு அது. உள்ளிருந்தவர்கள் தொட்டியில் சேர்த்த நீரையே நம்பியிருந்தார்கள். நீர் போனதும் சரணடைந்தார்கள். பீரங்கிக்கு அசையாத மதில் தாகத்துக்குக் கதவு திறந்தது.

நயினாதீவே மணிமேகலைக் காப்பியத்தின் மணிபல்லவம் என்று கொள்ளும் ஆய்வாளர் பலர். வைகாசிப் பூரணையில் அங்குள்ள கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபி எழுந்து மணிமேகலையின் கைக்கு வருகிறது. அள்ள அள்ளக் குறையாத அந்தப் பாத்திரத்தைக் கவிஞர் அரண்மனையில் வைக்கவில்லை, ஒரு தீவின் நீர்நிலைக்குள் வைத்தார். அதை வாங்கியவளும் தனக்கென்று எடுத்துக்கொள்ளவில்லை. பசித்தவரைத் தேடிப் போனாள். எங்கள் தரைக்கு அடியில் இருக்கும் பாத்திரம் அமுதசுரபி அல்ல, அதற்கு அளவு உண்டு. ஆனால் எடுக்கும் கைக்குரிய அறம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

அந்த அறத்தை முன்னோரின் கருவியே காத்தது. துலா மிதித்து இறைத்த காலத்தில் மனித உடம்பின் களைப்பே கிணற்றுக்குக் காவல். ஆள் ஆறும் நேரத்தில் கிணறும் ஊறியது. நீர் இறைக்கும் இயந்திரத்துக்குக் களைப்பு இல்லை. நாற்பதுக்கு ஒன்று என்ற கணக்கு இப்போது மறுபக்கமாக வேலை செய்கிறது: மேலே நீர்மட்டம் 1 அடி இறங்கி நிலைத்தால், கீழே உப்பு நாளடைவில் 40 அடிவரை ஏறி வரும். ஒருவர் தோட்டத்துக்கு அளவுக்கு மீறி இறைத்தால் அயலவர் வீட்டுக் கிணறு உவராகிறது. உவரான கிணறு மீள எத்தனையோ மாரிகள் வேண்டும்.

கொடுப்பதில் படைத்தவன் குறை வைக்கவில்லை. கல்லை நீர் தாங்கும் கலமாக்கினான், உப்பைவிட மழையை இலகுவாக்கினான், மரத்துக்கும் விதைக்கும் சேமிக்கும் அறிவைக் கொடுத்தான். ஐப்பசிக்கு முன் குளத்தையும் கேணியையும் தூர்வாருவதும், முற்றத்து மழையைக் கடலுக்கு ஓடவிடாமல் தரைக்குள் இறக்குவதும், தேவைக்கு மேல் ஒரு வாளியும் இறைக்காமல் இருப்பதும் எங்களுக்கு விடப்பட்ட பங்கு. கோயிலில் அபிஷேகத்துக்குச் செலுத்தும் அதே பயபக்தியோடு இந்த வேலைகளையும் செய்ய வேண்டும். அடுத்த வீட்டுக்காரரும், காட்டுக் குதிரையும், இன்னும் பிறக்காத பிள்ளையும் குடிக்கப்போவது இந்த ஒரே தண்ணீரைத்தான்.