கிரணமும் தேகத்தின் காவற்படையும்

புற்றுநோய்க்குக் கிரண சிகிச்சை செய்வதை நம் பக்கத்து ஜனங்கள் ‘கரண்ட் வைப்பது’ என்பார்கள். கட்டி கரியும், கூடவே உடம்பின் தெம்பும் கரிந்துவிடும் என்பது பொதுவான அபிப்பிராயம். மம்சாபுரத்து விவசாயக் கூலி ஒருவர், ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தூரத்திலுள்ள மதுரைக்கு வாரம் ஐந்து நாள் வீதம் ஆறேழு வாரம் போய் வர வேண்டுமானால், வேலையும் போகும், கூலியும் போகும். சிகிச்சையைப் பாதியில் விடுகிறவர்களைக் குறைகூற நாம் தயாராயில்லை.

ஆனால் மேற்சொன்ன அபிப்பிராயம் பாதிதான் உண்மை. ரத்தத்திலுள்ள நிணவணுக்களே தேகத்தின் காவற்படை. தினந்தோறும் கொடுக்கப்படும் 2 கிரே அளவுக் கிரணமே அவற்றில் ஏராளமானவற்றைக் கொன்றுவிடும். ரத்தமோ ஓரிடத்தில் நிற்பதில்லை. கிரணம் படும் இடம் எவ்வளவு விசாலமோ, நாட்கள் எவ்வளவு அதிகமோ, சேதமும் அவ்வளவு அதிகம்.

மற்றொரு பாதி அதிசயமானது. கிரணத்தால் சாகும் புற்றணு சும்மா சாவதில்லை. அபாயக் குறிகளை வெளியிட்டு, தன் அடையாளங்களையும் சிதறவிட்டுச் சாகிறது. அவற்றைச் சில காவலணுக்கள் பொறுக்கிக்கொண்டு நிணமுடிச்சுகளுக்குப் போய், அங்குள்ள போரணுக்களுக்குப் பகைவன் இன்னான் என்று காட்டிக் கொடுக்கின்றன. ஓரிடத்தில் கிரணம் வைக்க, அது படாத தூரத்துக் கட்டியும் கரைவதுண்டு. இதற்கு 1953இல் ஆங்கிலேய நிபுணர் மோல் ஒரு பெயரே இட்டார். 2012இல் அமெரிக்க வைத்தியர்கள் வெளியிட்ட விவரம் பிரசித்தமானது: தோலில் தோன்றும் கொடிய புற்று பரவிய ஒருவருக்கு, காவற்படையைத் தூண்டும் இபிலிமுமாப் மருந்துடன், முதுகெலும்பருகே கிரணமும் கொடுத்தார்கள், மண்ணீரலிலிருந்த கட்டிகளும் சுருங்கின.

துல்லியக் கிரண யந்திரத்தின் மகிமை இங்கேதான். கட்டியின் உருவத்தை ஒட்டிக் கிரணத்தைச் செலுத்தி, சிறிய நுரையீரல் கட்டி போன்றவற்றை ஐந்து தடவைக்குள்ளேயே முடித்துவிடலாம். காவற்படைக்குச் சேதம் குறைவு; கூலி நஷ்டமும் குறைவு. வாய்ப்புற்றுக்கு இன்னும் ஆறேழு வாரம் வேண்டியதுதான். அங்கும் துல்லியம் உமிழ்நீர்ச் சுரப்பிகளைக் காக்கும்.

இதைச் சர்வரோக நிவாரணி என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம். தூரத்துக் கட்டி கரைவது அபூர்வம். தலை, கழுத்துப் புற்றுக்குக் கிரணத்தோடும் ரசாயன மருந்தோடும் அவெலுமாப் என்ற காவல் மருந்தையும் சேர்த்த பெரிய பரிசோதனை பலிக்கவில்லை. கழுத்து நிணமுடிச்சுகளையும் சேர்த்து எரித்தால், போரணுக்கள் பயிற்சி பெறும் பள்ளிக்கூடமே எரிந்துவிடுகிறதோ என்று நிபுணர்கள் சந்தேகிக்கிறார்கள்.

மருந்தின் விலை அடுத்த தடை. இதற்குப் பம்பாய் டாட்டா ஆஸ்பத்திரி 2022இல் ஒரு வழி காட்டிற்று. தலை, கழுத்துப் புற்று முற்றிய 151 பேரிடம் செய்த பரிசோதனையில், ஒரு பகுதியினருக்கு மாத்திரைகளோடு நிவோலுமாப் மருந்தை மூன்று வாரத்துக்கொரு முறை 20 மில்லிகிராம் மட்டும் கொடுத்தார்கள். இது வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஓராண்டுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் மாத்திரை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 16. மருந்தும் பெற்றவர்களில் 43. மேனாட்டார் குறித்த அளவை வேதவாக்காகக் கொள்ளாமல் சோதித்துப் பார்த்ததன் பலன் இது. இதில் கிரணம் சேரவில்லை. கிரணத்தோடு சேர்த்தால் எவ்வளவு மருந்து போதும் என்பதையும் நம் நாட்டிலேயே சோதிப்பதுதான் முறை.

முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954இல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி தோன்றியது. 1957இல் அங்கு கோபால்ட் யந்திரம் வந்தது. இன்று சென்னையில் புரோட்டான் யந்திரமே இருக்கிறது. தென்கோடி ஜில்லாக்களின் பிரதிநிதிகள் சட்டசபையில் கேட்க வேண்டியவை சில உண்டு. துல்லிய யந்திரங்கள் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் எத்தனை? கிரணத்தை அளந்து கொடுக்கும் பௌதிக நிபுணர்கள் அவற்றுக்குப் போதிய அளவில் நியமிக்கப்பட்டிருக்கிறார்களா? சிகிச்சை நாட்களில் கூலிக்காரருக்குத் தங்க இடமும், வீட்டுக்கு அரிசியும் யார் கொடுப்பது?