சொட்டும் வால்வை அடைக்காதீர்கள்

பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில் உள்ள பழைய வீடொன்றைச் சீரமைக்க எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் கடன் கோரியிருந்தார். பணி ஓய்வு பெற்றவர். மனைவி, மகள், இரு பேரப்பிள்ளைகள் ஆகியோருடன் வசிக்கிறார். கடன் வழங்குமுன் வீட்டைப் பார்வையிடுவது நடைமுறை. கூரை, சுவர், கழிவுநீர்க் குழாய் என ஒவ்வொன்றாகப் பார்த்து வந்த நாங்கள் குளியலறையில் நின்றுவிட்டோம். சுவரில் தொங்கிய 25 லிட்டர் கீசரின் அடியில், பாதுகாப்பு வால்வின் வாயில் சிறு மரக்கட்டை ஒன்று இறுக அடிக்கப்பட்டிருந்தது.

"ஓயாமல் சொட்டிக்கொண்டே இருந்தது சார். பிளம்பரை வரவழைத்து அடைத்துவிட்டோம்" என்றார் அவர், ஒரு தொல்லை தீர்ந்த நிம்மதியுடன்.

அந்தச் சொட்டு கோளாறன்று. நீர் சூடேறினால் விரியும். 20 டிகிரி செல்சியஸில் உள்ள 25 லிட்டர் நீரை 60 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் அளவு ஏறத்தாழ 400 மில்லிலிட்டர் கூடும். குழாய் மூடியிருக்கிறது, உள்ளே வந்த வழியே நீர் திரும்பாதவாறு வால்வு தடுக்கிறது. கூடிய நீர் வெளியேற வேறு வழியில்லாததால்தான் பாதுகாப்பு வால்வு சிறிது சிறிதாக அதனை வெளியே விடுகிறது. சூடேறும்போது மட்டும் சொட்டினால் வால்வு தன் கடமையைச் செய்கிறது என்று பொருள். கீசர் அணைந்திருக்கும்போதும் சொட்டிக்கொண்டிருந்தால் குழாயில் நீரழுத்தம் மிகுதியாக இருக்கலாம், அல்லது வால்வில் உப்புப் படிந்து பழுதாகியிருக்கலாம். அப்போதும் வால்வை மாற்ற வேண்டுமேயன்றி அடைக்கலாகாது.

அடைத்தால் என்ன ஆகும்? வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும், அது தவறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-அவுட்டும் சரியாக இருக்கும்வரை கலன் அந்த அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டு நாளுக்கு நாள் நலியும். அவ்விரண்டும் பழுதானால் நீர் 100 டிகிரியைக் கடந்தும் கொதிக்காமல் அழுத்தத்திற்குள் அடைபட்டிருக்கும். கலன் பிளக்கும் கணத்தில் அந்நீரின் ஒரு பகுதி ஒரே மூச்சில் ஆவியாகும். ஆவியாகும் நீர் தன் பருமனைப்போல் 1,600 மடங்குக்கும் மேல் விரியும். குளியலறைச் சுவர் அதற்கு ஈடுகொடுக்காது.

முந்தைய தலைமுறையினர் செப்பு அண்டாவில் விறகிட்டு நீர் காய்ச்சினார்கள். புகையும் கரியும் தொல்லை தந்தன. ஆயினும் அண்டா வாய் திறந்த பாத்திரம், அழுத்தம் என்பதே அதற்கில்லை. மூடிய கலனுக்கு மாறிய நாம் அந்தத் திறந்த வாய்க்கு ஈடாகப் பெற்றது இந்த வால்வு ஒன்றைத்தான்.

பழைய வீடுகளில் கீசர் பொருத்துவோர் சுவரையும் மின்கம்பியையும் முதலில் சோதிக்க வேண்டும். நீர் நிரம்பிய 25 லிட்டர் கீசர் 35 கிலோ எடைக்குக் குறையாது. சுண்ணாம்புக் காரை பூசிய சுவரில் போல்ட்டு பூச்சை மட்டும் பற்றினால் போதாது. செங்கல்லுக்குள் ஊன்ற வேண்டும். 2,000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். விளக்குக்கும் மின்விசிறிக்கும் உரிய 6 ஆம்பியர் பிளக்கில் அதைச் செருகினால் பிளக் உருகுவதில் வியப்பில்லை. தனிக் கம்பி, 16 ஆம்பியர் பிளக், முறையான எர்த், கசிவு நேர்ந்தால் 30 மில்லி ஆம்பியரிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஆகியவை இன்றியமையாதவை. பங்களாக்களை இடித்து எழுந்த அடுக்குமாடிகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மேல்நிலைத் தொட்டியிலிருந்து ஒவ்வொரு 10 மீட்டர் இறக்கத்திற்கும் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கூடும். கீழ்த்தளத்தில் வசிப்போர் 8 பார் தாங்கும் எனக் குறிக்கப்பட்ட கலனையே வாங்குவது நன்று.

இந்நகரில் காவிரி நீர் வராத நாள்களில் ஆழ்துளைக் கிணற்று நீரே கைகொடுக்கிறது. அதன் கடினத்தன்மை கீசருக்குப் பகை. சூடேற்றும் சுருளின்மீது உப்பு ஓடுபோல் படிந்தால் மின்செலவு கூடும், சுருளும் விரைவில் எரிந்துபோகும். கலனுக்குள் மெக்னீசியம் தண்டு ஒன்று உண்டு. கலன் துருப்பிடிக்காமல் தான் கரைந்து அதனைக் காக்கும் தண்டு அது. பலர் அதன் பெயரைக்கூடக் கேட்டதில்லை. கடின நீர் உள்ள வீடுகளில் ஆண்டுக்கு ஒருமுறை அதைக் கழற்றிப் பார்த்து, மெலிந்திருந்தால் மாற்ற வேண்டும். புதிய கலனின் விலையோடு ஒப்பிட்டால் அச்செலவு சிறிதே.

எரிவாயு கீசரைப் பற்றி எங்களுக்குத் தயக்கமே மிகுதி. காற்றோட்டமற்ற குளியலறையில் அது எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. பெங்களூருவிலேயே இதனால் உயிர்கள் போயிருக்கின்றன. குளியலறைக்கு வெளியே, திறந்த இடத்தில் பொருத்த முடியாவிடில் வாங்காதிருப்பதே மேல்.

சூரிய வெந்நீர்க் கலனுக்கு இந்நகரம் பெயர்பெற்றது. குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களுக்குக் கர்நாடக அரசு 2007-இல் அதனைக் கட்டாயமாக்கியது. அதைப் பொருத்திய வீடுகளுக்கு யூனிட்டுக்கு 50 காசு வீதம், மாதம் 50 ரூபாய்க்கு மிகாமல் மின்கட்டணத்தில் தள்ளுபடி அளிக்கும் வழக்கமும் ஏற்பட்டது. தங்கள் கட்டணச் சீட்டில் அந்த வரி உள்ளதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பிக்காமலே விட்டவர்களை நாங்கள் அறிவோம். 200 லிட்டர்க் கலனில் நீரின் எடை மட்டுமே 200 கிலோ. மரவிட்டங்களின்மீது செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் தளமாக இருந்தால் பொறியாளரைக் கலந்துகொண்டு, தாங்குசுவருக்கு நேர்மேலே நிறுத்த வேண்டும். கலனின் உச்சியிலிருந்து மேலெழும் காற்றுக்குழாயையும் ஒருபோதும் மூடலாகாது. மூடினால், நீர் இறங்கும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகிக் கலன் உட்புறமாக நசுங்கிவிடும்.

அந்த வாடிக்கையாளரிடம் அன்றே கீசரின் மின்சாரத்தை நிறுத்தச் சொன்னோம். நீர் முழுதும் ஆறிய பிறகே கட்டையைத் தொட வேண்டும் என்றும் கூறினோம். கடனின் இரண்டாம் தவணையை விடுவிக்கச் சென்றபோது வால்வு புதிதாக இருந்தது. அதன் வாயிலிருந்து ஒரு மெல்லிய குழாய் சுவரோரமாக இறங்கி, சன்னலுக்கு வெளியே குரோட்டன்ஸ் தொட்டியில் முடிந்தது.