சேதாரம்: வெள்ளி மோதிரத்தின் ஆக்கமும் தோட்டத் தொழிலாளர் சேமிப்பும்

தமிழிலக்கிய மரபிலே பொற்கொல்லர் பெரிதும் அரண்மனையோடு சேர்த்தே நினைக்கப்படுகின்றார். சிலப்பதிகாரத்தில் அரசியின் சிலம்பைக் கவர்ந்து, பழியைக் கோவலன்மேற் சுமத்துபவன் பொற்கொல்லனே. ‘பொன்னிற் கைவைப்பவன்’ என்ற ஐயம் அன்றிலிருந்து இன்றுவரை கம்மியரைத் தொடர்ந்து வருகின்றது. உழைப்பாளியின் விரலிற் கிடக்கும் வெள்ளி மோதிரமோ, அவள் காலில் உள்ள மெட்டியோ நமது ஆய்வுகளில் இடம்பெறுவது அரிது. நானுஓயாவையும் அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களையும் மனங்கொண்டு, இச்சிறு அணி எவ்வாறு ஆக்கப்படுகின்றது, அதில் யாருடைய உழைப்பு உறைந்துள்ளது என்பவற்றை ஈண்டு நோக்குவோம்.

தூய வெள்ளி மிக மென்மையானது. வேலை செய்யும் கையில் அதன் வடிவம் நில்லாது. ஆதலால் ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளியும் 75 பங்கு செம்பும் கலப்பது இன்று பொதுவழக்கு. ஆசாரி உலோகத்தை நிறுத்து, மூசையிலிட்டு, கரிநெருப்பில் உருக்குகிறார். தூய வெள்ளி 962 பாகை செல்சியசில் உருகும். செம்பு சேர அவ்வெப்பநிலை குறையும். மேலே தூவப்படும் வெண்காரம் கசடைக் கரைத்து ஒதுக்குகிறது. எண்ணெய் தடவிய அச்சில் ஊற்றினால் சிறு பாளம் கிடைக்கும்.

பாளத்தைப் பட்டடையில் வைத்து அடிக்க அடிக்க வெள்ளி இறுகும். இறுகியபின்னும் அடித்தால் வெடிப்பு விழும். எனவே இடையிடையே மங்கிய செந்நிறம் தோன்றும்வரை காய்ச்சி, தணியவிட்டு, மீண்டும் அடிக்கவேண்டும். பின்னர், ஒன்றைவிட ஒன்று சிறிதான துளைகளைக் கொண்ட இரும்புத் தகட்டினூடாக இழுத்துக் கம்பியாக்குவர். வெட்டவேண்டிய நீளம் விரலின் சுற்றளவு மட்டுமன்று. உலோகத்தின் தடிப்பையும் கணக்கிற் கொள்ளவேண்டும். உள்விட்டம் 17 மில்லிமீற்றரும் தடிப்பு 1.5 மில்லிமீற்றரும் ஆயின் ஏறத்தாழ 58 மில்லிமீற்றர் கம்பி தேவை.

வளைத்த கம்பியின் இரு முனைகளையும் ஒளி புகாதவாறு அராவிப் பொருத்துவர். பொருத்தில் இடும் பற்றாசில் செம்பும் துத்தநாகமும் கூடுதலாக இருப்பதால், மோதிரம் உருகுமுன் அது உருகிவிடும். ஊதுகுழலாற் சுடரைச் செலுத்துகையில் வளையம் முழுவதும் ஒருசேரச் சூடேறவேண்டும். ஏனெனில் பற்றாசு வெப்பம் மிகுந்த பக்கத்துக்கே ஓடும். கருத்த வளையத்தைப் புளிநீரிலோ ஐதான அமிலத்திலோ இட்டு வெளுக்கச் செய்து, கூம்புவடிவ இரும்புக் கோலில் தட்டி வட்டமாக்கி, அரத்தால் அராவி, பூந்திக்கொட்டை நீரிற் கழுவி மெருகிடுவர். மெட்டிக்குப் பெரும்பாலும் முனைகளைப் பற்றவைப்பதில்லை. விரலுக்கேற்ப நெகிழ்த்துவதற்கு அது வசதி.

உருக்கும்போதும் அராவும்போதும் சிறிது வெள்ளி குறையும். இதுவே சேதாரம். செய்கூலி வெளிப்படையானது, சேதாரமோ கொடுத்தவர் காணவியலாதது. ஆசாரிமீதான ஐயம் முழுவதும் இவ்விடத்திற் குவிகின்றது. ஆனால் தோட்டத் தொழிலாளியின் வெள்ளியிலிருந்து மிகுதியாகக் குறைந்தது பட்டடையிலா என்பதே நமது வினா.

இதற்கு விடை காண நாணயத்தின் வரலாற்றைப் பார்க்கவேண்டும். 1872 முதல் இலங்கையின் நாணயம் ரூபாயும் சதமுமாயிற்று. இந்திய வெள்ளி ரூபாயே அதன் அடிப்படை. அந்த ரூபாயின் எடை 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, அதாவது ஆயிரத்துக்கு 917 பங்கு. மோதிரத்துக்குரிய கலவைக்கு இது மிக நெருங்கியது. நாணயத்தை உருக்கி அணி செய்யும் வழக்கம் தென்னாசியாவெங்கும் பரவியிருந்தமைக்கு இவ்வியல்பும் துணைநின்றது. கூலியாகப் பெற்ற நாணயமே அணியாக முடியும். பொன், வெள்ளி அணிகள் பணத்தின் மறைமுகமான சேமிப்பாகவும் அமைகின்றன என்பதை 1867 இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற் பாகத்தில் மார்க்ஸ் சுட்டியுள்ளார்.

நானுஓயாவுக்கு 1885 இல் புகையிரதம் வந்தது. கோப்பி அழிந்து தேயிலை பரவிய காலம் அது. உலகச் சந்தையில் வெள்ளி வீழ்ந்த காலமும் அதுவே. 1870களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 2 சிலிங் பெறுமதியாயிருந்த ரூபாய், 1894 அளவில் 1 சிலிங் 1 பென்சுக்கு இறங்கியது. தேயிலை இலண்டனில் பவுணுக்கு விற்கப்பட்டது. கூலி ரூபாயில் வழங்கப்பட்டது. ஒரே பவுணுக்கு முன்னிலும் கூடிய ரூபாய் துரைமாருக்குக் கிடைத்தது. கூலியோ அதற்கேற்ப உயரவில்லை. 1893 இல் இந்திய நாணயச்சாலைகள் பொதுமக்களின் வெள்ளியை நாணயமாக்கித் தருவதை நிறுத்தின. அதன்பின், ஒரு ரூபாயை உருக்கிச் செய்த அணியை மீண்டும் விற்றால் ஒரு ரூபாய் கிடைக்கவில்லை. இச்சேதாரத்தை எந்த ஆசாரியும் எடுக்கவில்லை.

ஆயினும் தொழிலாளர் உலோகத்திலேயே சேமித்தமை அறியாமையாலன்று. லயக் காம்பரா தோட்டத்துக்குரியது, நிலம் கம்பெனிக்குரியது. 1921 இல் ஒழிக்கப்படும்வரை ‘துண்டு’ முறை அவர்களைக் கடனாற் கட்டிவைத்தது. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றோராக்கியது. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. இந்நிலையில் உடலோடு எடுத்துச் செல்லக்கூடியதே உண்மையான உடைமை. அதிலும் விலைமிகுந்த பொன் முதலில் அடகுக்குப் போகும். பெறுமதி குறைந்த வெள்ளி விரலிலேயே தங்கும்.

இன்று இயந்திரத்தில் வார்த்த மோதிரங்கள் கடைகளில் நிறைந்துள்ளன. கைத்தொழிலாளி கடைக்காரரின் கீழ் எண்ணிக்கைக் கூலிக்கு உழைப்பவராகி வருகின்றார். நாளொன்றுக்கு 1,000 ரூபாய் என்ற கூலிக்காகத் தோட்டத் தொழிலாளர் 2021 வரை போராடவேண்டியிருந்தது. இவ்விரு உழைப்பாளரையும் ஒருவரையொருவர் ஐயுறச் செய்தது, கண்முன்னே உதிரும் அரத்தூள். அவர்கள் இருவரின் உழைப்பையும் குறைத்த பெருஞ்சேதாரம் சந்தையில் நிகழ்ந்தது. அதற்குத் தராசு வைத்தவர் எவருமிலர். மோதிரத்தின் வரலாற்றை எழுதப் புகும் ஆய்வாளர் முதலில் நிறுக்கவேண்டியது அதனையே.