பள்ளி நிறைவும் பொதுத்தேர்வும்

கடலூர் மாவட்டத்தின் பெண்ணாடத்தில் பயிலும் மாணவரும் சென்னையில் பயிலும் மாணவரும் ஒரே நாளில் ஒரே வினாத்தாளுக்கு விடையெழுதி, அந்த மதிப்பெண்ணைக் கொண்டே பள்ளிப் படிப்பை நிறைவுசெய்யும் ஏற்பாடே பொதுத்தேர்வு எனப்படுகிறது. தமிழ்நாட்டின் மாநிலப் பாடத்திட்டத்தில் இதனை நடத்தும் அரசுத் தேர்வுகள் இயக்ககம், கற்பித்த ஆசிரியர் அல்லாத பிறரைக் கொண்டு விடைத்தாள்களைத் திருத்தச் செய்வதால், பள்ளியின் பெயரோ குடும்பத்தின் செல்வாக்கோ மதிப்பெண்ணைத் தீர்மானிப்பதில்லை என்பதே இம்முறையின் தலையாய நியாயம்.

1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கப்பட்டபின் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் நடந்துவந்த பொதுத்தேர்வு, 2017-18 கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்புக்கும் விரிவுபடுத்தப்பட்டது. ஆயினும் 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டிப் பதினொன்றாம் வகுப்புக்கான தேர்வு கைவிடப்பட்டது. தேர்ச்சிக்குப் பாடந்தோறும் நூற்றுக்கு 35 மதிப்பெண் தேவை. தவறியவர்கள் துணைத்தேர்வு எழுதலாம்.

பெருந்தொற்றால் 2021இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு ரத்தானபோது, பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு 50 விழுக்காடும், பதினொன்றாம் வகுப்புக்கு 20 விழுக்காடும், பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை, அகமதிப்பீடு ஆகியவற்றுக்கு 30 விழுக்காடும் அளித்துச் சான்றிதழ் வழங்கப்பட்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில வாக்காளர்களோ, பள்ளி நிறைவுக்கு மாநிலத் தேர்வில் தேர்ச்சி கட்டாயம் என்ற விதியை 2024இல் வாக்களித்து நீக்கினர்.

பொதுத்தேர்வு நடுநிலையை உறுதிசெய்தாலும், மனப்பாடத்தை மட்டும் அளக்கும் வினாத்தாள் கல்வியைச் சுருக்கிவிடும்; எனவே தேர்வை ஒழிப்பதைவிட, சிந்தனையைச் சோதிக்கும் வினாக்களையும் ஆண்டு முழுவதுமான மதிப்பீட்டையும் அதனோடு இணைப்பதே ஏற்ற வழியாகும்.