"தக்ரார்" வேறு, தகராறு வேறு!

விமான் நகரில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு இது பழக்கமான காட்சி.

ஊரிலிருந்து அப்பா வந்திருப்பார். வந்த நாலாம் நாள், நெஞ்சு வலிக்கிறது என்பார். அடித்துப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுவோம். டாக்டர் இரண்டு நிமிடம் மராத்தியில் பேசுவார். யாரோ ஒரு காகிதத்தை நீட்டுவார்கள். கையெழுத்துப் போடுவோம். "என்னடா அது?" என்று அப்பா கேட்டால், "ஒன்றுமில்லை அப்பா, சும்மா" என்போம். உண்மையில் நமக்கே தெரியாது!

காலையில் கொடுத்த மாத்திரைக்கும் இரவில் கொடுத்த மாத்திரைக்கும் நிறம் வேறாக இருக்கும். மனதில் ஓர் உறுத்தல். ஆனாலும் வாய் திறப்பதில்லை. "பிழைக்க வந்த இடத்தில் எதற்குத் தகராறு?" என்று பேசாமல் இருந்து விடுகிறோம்.

ஒரே சொல், பொருள் இரண்டு

மராத்தியில் "தக்ரார்" என்றால் புகார். அலுவலகங்களில் "தக்ரார் பேட்டி" என்று எழுதிய பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். அது சண்டைப் பெட்டி அல்ல, புகார்ப் பெட்டி. அதே சொல் தமிழுக்கு வந்தபோது "தகராறு" ஆகி, சச்சரவு என்று பொருள் கொண்டது. சொல்லோடு நின்றிருந்தால் பரவாயில்லை. புகார் சொல்வதே சண்டைக்குப் போவதுதான் என்ற எண்ணமும் நம் மனதில் படிந்து விட்டது.

அந்த எண்ணம் தவறு என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டாம். நாம் குடியிருக்கும் புனே மாவட்டமே சாட்சி.

பச்சை, மஞ்சள், சிவப்பு

2005-ஆம் ஆண்டு மத்திய அரசு தேசிய ஊரக சுகாதார இயக்கத்தைத் தொடங்கியது. ஆஸ்பத்திரி ஒழுங்காக நடக்கிறதா என்று அதிகாரிகள் மட்டும் பார்த்தால் போதாது, வைத்தியம் பெறுகிறவர்களும் பார்க்க வேண்டும் என்பது அதில் ஓர் அம்சம். 2007-இல் ஒன்பது மாநிலங்களில் இது சோதனையாக ஆரம்பமாயிற்று. மகாராஷ்டிரம், தமிழ்நாடு இரண்டுமே அவற்றில் உண்டு. மகாராஷ்டிரத்தில் புனே, தானே, அமராவதி, நந்துர்பார், அன்று உஸ்மானாபாத் எனப்பட்ட தாராசிவ் ஆகிய ஐந்து மாவட்டங்கள் முதலில் எடுத்துக் கொள்ளப்பட்டன. மாநிலம் முழுவதற்கும் இந்தப் பணியை ஒருங்கிணைத்தது புனேயைச் சேர்ந்த "ஸாத்தி" என்ற அமைப்பு.

வேலை நடந்த விதம் எளிமையானது. கிராமத்தில் ஒரு குழு. நர்ஸ் வருகிறாரா, மருந்து இருக்கிறதா, இலவசமாகத் தர வேண்டியதற்குக் காசு கேட்கிறார்களா என்று வீடு வீடாக விசாரிப்பார்கள். பதில்களைத் தொகுத்து அட்டையில் வண்ணம் தீட்டுவார்கள். நன்று என்றால் பச்சை. சுமார் என்றால் மஞ்சள். மோசம் என்றால் சிவப்பு. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் அது புரியும்.

பிறகு "ஜன் சுன்வாயி", அதாவது மக்கள் விசாரணை. ஒரு பக்கம் டாக்டர்களும் அதிகாரிகளும். எதிரே நோயாளிகளும் குடும்பத்தினரும். நடந்ததை அவர்கள் சொல்வார்கள். அதிகாரி எல்லோர் முன்னிலையிலும் பதில் சொல்ல வேண்டும். மருந்தை வெளிக்கடையில் வாங்கி வரச் சீட்டு எழுதும் வழக்கம் பல இடங்களில் நின்றது. முறைகேடாக வாங்கிய பணம் திரும்பி வந்ததும் உண்டு.

இன்னொரு விஷயமும் வெளிப்பட்டது. குறைகள் எல்லாமே ஊழியர்களின் அலட்சியத்தால் வந்தவை அல்ல. நர்ஸ் பணியிடம் காலி. மருந்து மேலிடத்திலிருந்தே வரவில்லை. இதை ஊழியர் சொன்னால் எடுபடாது. ஊரே சொன்னால் எடுபடும். புகார் சொன்ன மக்களே ஊழியர்களுக்குத் துணையானார்கள்!

நகரத்தில் என்ன வழி?

அந்தத் திட்டம் கிராமத்துக்கானது. விமான் நகரில் இருக்கும் நமக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். வழி இருக்கிறது.

தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் நோயாளிகளின் உரிமைப் பட்டியல் ஒன்றை வகுத்தது. மொத்தம் 17 உரிமைகள். நோயைப் பற்றி நமக்குப் புரியும் மொழியில் விளக்கம் பெறலாம். வேறொரு டாக்டரின் யோசனை கேட்கலாம். கட்டணம் எவ்வளவு என்று முன்கூட்டியே அறியலாம். மருந்தை விரும்பிய கடையில் வாங்கலாம். புகார் சொல்லித் தீர்வு பெறுவதும் ஓர் உரிமையே.

மகாராஷ்டிர அரசு 2021 ஜனவரியில் தனியார் ஆஸ்பத்திரிகளுக்கான விதிகளைத் திருத்தியது. அதன்படி உரிமைப் பட்டியலையும் கட்டண விவரத்தையும் எல்லோரும் பார்க்கும்படி மாட்டி வைக்க வேண்டும். புகார்களைக் கேட்கத் தனிப் பிரிவும் இலவசத் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். அடுத்த முறை போகும்போது, "ருக்ண ஹக்க சனத்" என்ற பலகை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள்.

கேட்பதற்கும் முறை உண்டு. குரலை உயர்த்திக் கையை ஓங்கினால் அதுதான் தகராறு. டாக்டரையோ நர்ஸையோ தாக்கினால், 2010-ஆம் ஆண்டின் மகாராஷ்டிரச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறை. தக்ரார் என்பது தேதி, நேரம், நடந்தது என்ன என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக் கொள்வது. நல்ல கவனிப்பு கிடைத்தால் அதையும் எழுதிக் கொடுங்கள். அந்த நர்ஸம்மாவுக்கு அது பதக்கம்.

மொழி ஒரு தடைதான். ஆனால் தாண்ட முடியாத தடையா? புனேயில் பல காலமாக இருந்து, மராத்தி சரளமாகப் பேசும் தமிழர்கள் நம்மிடையே இல்லையா? வாரத்தில் ஒரு மணி நேரம் அவர்கள் ஆஸ்பத்திரிக்குத் துணை வந்தால், எத்தனையோ குடும்பங்களின் வாய்ப்பூட்டு திறக்கும். நம் தமிழ் அமைப்புகள் இதை யோசிக்கலாம்.

மாத்திரை மாறியதை முதலில் கவனிப்பவர் பெரும்பாலும் கட்டிலருகே உட்கார்ந்திருக்கும் மனைவியோ மகனோதான். இதை உலக சுகாதார நிறுவனமும் உணர்ந்திருக்கிறது. செப்டம்பர் 17-ஆம் தேதி உலக நோயாளிப் பாதுகாப்பு தினம். 2023-இல் அதன் கருப்பொருளே நோயாளிகளின் குரலுக்கு இடம் தருவதுதான்.

ஆகவே, அடுத்த முறை அப்பா, "என்னடா அது?" என்று கேட்டால், "சும்மா" என்று சொல்லாதீர்கள். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, டாக்டரிடம் அதே கேள்வியைக் கேளுங்கள். அது தகராறு அல்ல.